தொடாத அட்டைக்குச் சிவப்புக் கோடு

தாம்பரத்தில் நான் வேலை பார்த்த கடையில், இரண்டு வருஷமாகத் தொடாத கடன் அட்டைகளை எல்லாம் ஒரே நாளில் ரத்து செய்தோம். அட்டைக்காரர் ஒருவருக்கும் தகவல் போய்ச் சேரவில்லை. அட்டை கவுண்டர் என்பது சிரித்துக்கொண்டே திட்டு வாங்குகிற வேலை. எனக்குச் சிரிக்கவும் வராது.

துணி, பாத்திரம், மிக்ஸி எல்லாம் விற்கிற மூன்று மாடிக் கடை. பெயர் வேண்டாம். தொண்ணூறுகளின் தொடக்கம். மாதச் சம்பளக்காரர்களுக்குக் கடையே போட்டோ ஒட்டி ஒரு நீல அட்டை கொடுக்கும். அதைக் காட்டிப் பொருள் எடுக்கலாம், தவணையில் கட்டலாம். நம் ஆட்கள் என்ன செய்தார்கள்? வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். நீங்களும் பூட்டியிருப்பீர்கள். அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்.

சாமி படத்துக்குப் பின்னால்

முதலில் வந்தவர் இரும்புலியூர் ராஜேஸ்வரி டீச்சர். அட்டையை மஞ்சள் துணியிலிருந்து பிரித்தார். நாலு மூலையிலும் மஞ்சள், நடுவில் குங்குமம். போட்டோவில் அவர் நெற்றி எங்கே, குங்குமம் எங்கே என்று தெரியவில்லை. ஐந்து வருஷமாகச் சாமி படத்துக்குப் பின்னால் இருந்ததாம். பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணம். அடுத்த வெள்ளிக்கிழமை சம்பந்தி அம்மாளைக் கூட்டிக்கொண்டு சீர்ப் பாத்திரம் எடுக்க வருகிறார். அதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போக வந்திருக்கிறார்.

பதிவேட்டைப் புரட்டினேன். அவர் பெயர் மேல் சிவப்புக் கோடு. அந்த அட்டை அவர் கணவர் உத்தியோகத்தில் வாங்கியது. கணவர் இறந்த பிறகு பெரிய முதலாளி பரிதாபப்பட்டு டீச்சர் பெயருக்கு மாற்றிக் கொடுத்தார். புது அட்டைக்குச் சம்பளச் சான்றிதழ் வேண்டும். டீச்சர் வீட்டில் டியூஷன் எடுப்பவர். யார் தருவார் சான்றிதழ்? கையில் ரொக்கமும் கிடையாது. விஷயத்தைச் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. அட்டையை மறுபடி துணியில் சுற்றினார். "ஆபத்துக்கு ஆகும்னு தொடாம வெச்சிருந்தேன் சார். தொடாததுதான் தப்பா?"

குட்டி போடும் அட்டை

இரண்டு நாள் கழித்துப் பீர்க்கன்கரணையிலிருந்து ஒரு பெரியவர். முன்பு மாதச் சம்பளத்தில் இருந்தவர், பிறகு நிலம் விற்றவர், பேச்சில் அது தெரியும். வாசலில் டெம்போவை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். ஃபிரிட்ஜ், கலர் டிவி, கிரைண்டர், இரண்டு பீரோ என்று சீட்டு எழுதியே கொண்டுவந்திருந்தார். உங்கள் அட்டைக்கு வரம்பு மூவாயிரம்தானே என்றேன். வருஷத்துக்கு மூவாயிரம், ஏழு வருஷம் தொடவில்லை, ஆக இருபத்தோராயிரம் என்றார். கணக்கில் தப்பில்லை. அட்டைதான் இல்லை.

அட்டை ரத்து என்றதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுக் கேட்டார்: "பேங்குல சும்மா போட்டாலே குட்டி போடுது. உங்க கடையில மட்டும் இன்னா, தாயே செத்துப்பூடுமா?"

மாப்பிள்ளைக்கு அட்டை உண்டு

அடுத்தவர் அட்டைக்காரரே இல்லை. ஊரப்பாக்கத்தில் பெண்ணைப் பெற்றவர். மாப்பிள்ளை வீட்டில் இந்த நீல அட்டையைக் காட்டியிருக்கிறார்கள். பெரிய கடையே நம்பிக் கடன் கொடுக்கிற பையன் என்று பெருமை. சரிபார்க்க வந்திருக்கிறார். நான் பொய் சொல்கிற ஆள் இல்லை. ரத்து என்றேன். ஒழுங்காகக் கட்டாததால் அல்ல, எதுவுமே வாங்காததால் என்று பின்னாலேயே ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் காதில் முதல் வார்த்தைதான் விழுந்தது.

எனக்கு உடனே டீச்சர் ஞாபகம். வெள்ளிக்கிழமை சம்பந்தி முன்னால் இதே வார்த்தையை நான் சொன்னால்? படியிறங்கிக்கொண்டே அந்த மனுஷர் சொன்னது அன்றைக்கு ராத்திரிச் சோற்றை இறங்கவிடவில்லை: "கடைக்காரனே கைவிட்ட பையனுக்கா என் பொண்ணு?"

ஒரே மேஜை

சின்ன முதலாளியிடம் போனேன். ரத்து யோசனை அவருடையது. கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்தவர். யாருக்கும் கடிதம் கிடைக்கவில்லை என்றேன். "எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க" என்று முடித்துவிட்டார். ஆனால் கடிதம் உண்டு. நானே ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டவன். கடிதம் கையில் கிடைத்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள் வந்து பொருள் எடுக்காவிட்டால் அட்டை ரத்து என்று வாசகம். ஊர் ஊராகப் பிரித்து, நூல் போட்டுக் கட்டி, ரத்துக்கு இரண்டு மாதம் முன்பே நானேதான் தபால் மேஜையில் வைத்தேன்.

எங்கள் கடையில் தபால் மேஜையும் பாத்திரம் கட்டுகிற மேஜையும் ஒன்று. தபால் எடுக்கிற ஆள் வந்து மணி அடித்தால் தபால் மேஜை, மற்ற நேரம் கட்டுகிற மேஜை. பாத்திரம் நசுங்காமல் இருக்க உள்ளே காகிதம் திணிப்பார்கள். கட்டுகிற ஆறுமுகத்தைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் தலையைச் சொறிந்தான். "பழைய பேப்பர் வெல ஏறிப்போச்சு, கெடைக்கறத வெச்சிக் கட்டுன்னு சின்ன மொதலாளிதான சொன்னாரு. ஸ்டாம்பு ஒட்டாம கெடந்தா அது வேஸ்ட்டுனு நெனச்சேன் சார்."

புதன்கிழமை சங்கரா

வியாழக்கிழமை காலை டீச்சர் வந்தார், கையில் கடிதத்தோடு. என் கையெழுத்து, என் கடிதம். ஸ்டாம்பு இல்லை. மீன் வாடை அடித்தது. நேற்றுத்தான் கிடைத்தது, முப்பது நாள் இருக்கிறதே சார் என்றார். வாங்கிப் பார்த்தேன். பெரிய முதலாளி அறைக்கே அழைத்துப் போனேன்.

சின்னவர் அங்கே இருந்தார். ஸ்டாம்பும் இல்லை, முத்திரையும் இல்லை, நேற்றுக் கிடைத்தது என்பதற்கு என்ன சாட்சி என்றார். டீச்சர் வெளியே போய் ஒரு அம்மாளைக் கூட்டி வந்தார். கோவளத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இரும்புலியூரில் தெருத்தெருவாக மீன் விற்கிற செல்வி. தலைக்கூடையை வாசலில் இறக்கிவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"போன வாரம் உங்க கடையிலதான் சார் அன்னக்கூடை வாங்கினேன். உள்ள ஒரு கட்டு தபால் கவுரு. எனக்குப் படிக்க வராது. பஸ் ஸ்டாண்டுல டைம்கீப்பர்கிட்ட காட்டினேன். பேரப் படிச்சாரு. எல்லாம் நம்ம வூடுங்க. மீன் வாங்கற வூடு பாதி, வாங்காத வூடு பாதி. போற வழிதானேனு குடுத்துகினே போனேன்."

"என்னிக்குக் குடுத்தே?" என்றார் சின்னவர்.

"டீச்சரம்மாவுக்கு நேத்து, புதன். சங்கரா அரைக் கிலோ எடுத்தாங்க. மேல ரெண்டு போட்டேன். அப்பதான் கவுரும் குடுத்தேன். செவ்வா, வெள்ளி அவங்க மீன் தொட மாட்டாங்க. கேட்டுக்க."

பெரிய முதலாளி கடிதத்தை இரண்டு தடவை படித்தார். பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். டீச்சர் பெயர் மேல் இருந்த கோட்டை அடித்து, அருகில் கையெழுத்துப் போட்டார். கடிதம் கையில் சேராத எல்லா அட்டைக்கும் இதே மாதிரி என்று எனக்கு உத்தரவு. ஊரப்பாக்கத்துக்கு நானே கடிதத்தோடு போய், ரத்து எங்கள் தப்பு என்று சொல்லிவிட்டு வரவேண்டும். சின்னவரையும் ஆறுமுகத்தையும் கிடங்குக்கு அனுப்பினார். மாலை வரை குடம் குடமாகக் கை விட்டு மிச்சக் கடிதத்தை எடுத்தார்கள். செல்விக்கு ஏதாவது கொடுக்கச் சொன்னார். அவள் வாங்கவில்லை. கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு சொன்னாள்: "துட்டு வாணாம் சார். இனிமே கூடைக்குள்ள வேற வேல வெக்காதீங்க. எனக்கு மீனே பளுவா கீது."

வெள்ளிக்கிழமை

டீச்சர் சம்பந்தியோடு வந்தார். குடம், அண்டா, குத்துவிளக்கு, தாம்பாளம் எல்லாம் எடுத்தார். நீல அட்டையை நீட்டினார். நான் பதிவேட்டைத் திறந்து, எழுதி, முத்திரை குத்தினேன். ஒரு வார்த்தை கூடப் பேசவில்லை. அன்றைக்கு அதுதான் மரியாதை. சம்பந்தி அம்மாள் அட்டையை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். குங்குமத்தைப் பார்த்தார். டீச்சர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கடையில எடுக்கறதையே சாமிக்கு வெச்சுட்டு எடுக்கறீங்க. எங்க பையன் குடுத்து வெச்சவன்."

பெரிய முதலாளி, கம்ப்யூட்டர் படித்த சின்ன முதலாளி, ஐந்நூறு கையெழுத்துப் போட்ட நான் என்று இத்தனை பேர் இருந்த கடையில், ஒரு தபாலை உரியவர் கையில் கொண்டுபோய்ச் சேர்த்தது எழுத்துத் தெரியாத மீன்காரி செல்வி.