சீமைக்குப் போன கசப்பு

இந்த மலாய் நாட்டில் தினமும் காலையில் ஒரு தோட்டமே எனக்கு நாக்கை நீட்டிக் காட்டுகிறது. செமோருக்கு அருகிலுள்ள ரப்பர் தோட்டம் இது. விடிந்ததும் பெரட்டுக்கு, அதாவது பேர் கூப்பிட்டுக் கணக்கெடுக்க, ஆட்கள் வரிசையாக வந்து நிற்பார்கள். மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுத்த கொய்னா மாத்திரையை விழுங்கினார்களா, கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார்களா என்று வாய்க்குள் எட்டிப் பார்ப்பது என் வேலை. ஊரில் எவனாவது எனக்கு இப்படி நாக்கை நீட்டியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். இரசாயனத்தில் பி.ஏ. முடித்துக் கப்பலேறி வந்தவனுக்குக் கிடைத்த கிராணி உத்தியோகம், அதாவது குமாஸ்தா வேலை, இதுதான் என்பதை ஊரில் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

சென்னையில் என் பேராசிரியர் குடுவையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, “படிகம் வந்தால் பொருள், வராவிட்டால் சேறு” என்பார். மேல் ஆராய்ச்சிக்காக அவர் சீமைக்குப் புறப்பட இருந்தார். நிலவேம்பின் கசப்பைப் படிகமாகப் பிரித்து, தான் கப்பலேறுமுன் அனுப்பிவைத்தால் அங்குள்ள ஆய்வுக்கூடத்தில் எனக்கும் ஓர் இடம் கேட்பதாக எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் தூங்கினேன்.

நிலவேம்பு இங்கேயும் முளைக்கிறது. செமோர் சந்தையில் ஒரு மலாய்க்காரரிடம் கட்டுக்கட்டாக வாங்கினேன். “சியாப்பா சாக்கிட்?” என்று கேட்டார். யாருக்கு உடம்புக்கு முடியவில்லை என்கிறார். யாருக்கும் ஒன்றுமில்லை என்றேன். நோயாளியே இல்லாமல் காய்ச்சல் மருந்தை மூட்டையாக வாங்குகிறவனை அவர் என்னவென்று நினைப்பார்? என் தலையைச் சற்று நேரம் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, கூடுதலாக ஒரு கட்டைச் சும்மாவே கொடுத்தார்.

ரப்பரை ஏதோ மேம்படுத்தப்போகிறேன் என்று நம்பிய தோட்டத்துத் துரை, ஆலையில் ரப்பர் பால் உறைய வைக்கும் தட்டுகளுக்குப் பக்கத்தில் ஒரு மூலையை எனக்குக் கொடுத்தார். கள்ளைக் காய்ச்சி வடித்த சாராயத்தில் இலைகளை ஊறவைத்தேன். அதன்பிறகுதான் தோட்டத்தில் எனக்கு மரியாதை கூடியது. வடித்தேன், வற்றவைத்தேன், மறுபடி கரைத்தேன். மூன்று மாதம் கழித்து ஒரு பிற்பகல், கலங்கிய குடுவையின் ஓரத்தில் ஊசிமுனை அளவில் இரண்டு மினுக்கம் தெரிந்தது. பேராசிரியருக்குச் செய்தி எழுதக் காகிதம் எடுக்க ஓடினேன்.

திரும்பி வந்தபோது குடுவைக்குள் பழுப்பாக ஒரு பிசின் கிடந்தது. பக்கத்தில் முனியாண்டி அண்ணன் பெருமையாக நின்றார். ரப்பர் பாலில் ஆசிட் ஊற்றி உறைய வைப்பவர் அவர்தான்.

“என்னண்ணே செஞ்சீங்க?”

“பாதி ஒறஞ்சும் ஒறையாம நின்னுச்சு, கிராணியய்யா. தொரை பாத்தா ஒங்களத்தானே ஏசுவாரு? அதான் ரெண்டு கரண்டி ஆசிட்டு ஊத்திவிட்டேன்.”

“அது ரப்பரு இல்லண்ணே!”

“அதனால என்னலா? இப்பப் பாருங்க, எப்புடிக் கெட்டியாப் புடிச்சிருக்கு!”

இருபது வருஷமாகக் கலங்கிய எதைப் பார்த்தாலும் உறைய வைத்தே பழகிய கை அது. அதை எப்படித் திட்டுவது? தரையில் உட்கார்ந்து அழுதேன். மறுபடி தொடங்க நாளில்லை. பிசினில் பாதியைச் சீசாவில் அடைத்து, நடந்ததை ஒளிக்காமல் எழுதி, சென்னைக்கு அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்துப் புகைக்கூடத்தில், வெளிறிய ரப்பர் சீட்டுகளுக்கு நடுவே பச்சையும் பழுப்புமாக ஒரு சீட்டு தொங்கியது.

“மிச்சத்தப் பால்ல கலந்து தட்டிட்டேன், கிராணியய்யா” என்றார் முனியாண்டி அண்ணன். “நீங்க பட்ட பாடு வீணாப் போவக் கூடாதுல்ல?”

சீட்டின் ஓரத்தை நக்கிப் பார்த்தேன். குடலைப் பிடுங்கும் கசப்பு. மூன்று மாதத்தில் நான் கண்ட ஒரே முடிவு அதுதான்.

பேராசிரியர் புறப்படுமுன் ஒரு கார்டு போட்டிருந்தார். அதில் ஒரே சொல்: சேறு. கார்டு வந்த அதே வாரம் அந்தச் சீட்டும் மட்டரகம் என்று முத்திரை குத்தப்பட்டு, பெட்டியோடு லண்டனுக்குக் கப்பலேறியது.

மறுநாள் பெரட்டில் முனியாண்டி அண்ணன் கொய்னாவை விழுங்கிவிட்டு, எல்லோருக்கும் முன்னால் வந்து நாக்கை நீட்டினார். குனிந்து பார்த்தேன். என் ஆராய்ச்சியில் பாதி சென்னைக் கல்லூரியின் குப்பைக் கூடையில், மீதி சீமைக்குப் போகிற கடலில். அந்தக் கசப்பு ஒட்டிய என் நாக்கு மட்டும் செமோரில் நின்று, “அடுத்த ஆள்” என்றது.