இரண்டு லட்ச ரூபாய்ச் சத்தம்

என் மனைவியின் தம்பியைத் திருடன் ஆக்கியவன் நான். அவன் எதையும் திருடவில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்த பிறகும் வாயைத் திறக்காமல் இருக்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி நீங்கள் என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம். நினைப்பீர்கள்... உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நினைப்பேன்.

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். பால்காரர் ஊற்றும்போது செம்பைச் சாய்த்துப் பார்ப்பேன். பெட்ரோல் போடும் இடத்தில் எண் பூஜ்யத்தில் இருந்துதான் ஓடுகிறதா என்று கழுத்தை நீட்டுவேன். ஸ்ரீவில்லிபுத்தூர் மாமனார் வீட்டிலிருந்து வரும் பால்கோவாவில் மைதா கலந்திருக்குமோ என்று நாக்கில் வைத்து நிதானிப்பேன். ஏமாளி என்று ஒருவனும் என்னைச் சொல்லிவிடக் கூடாது. என் வாழ்க்கை லட்சியமே அவ்வளவுதான்!

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் நான் மேஸ்திரி. இருபது வருடங்களுக்கு மேலாக ஸ்பின்னிங் பிரிவு. அங்கே பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. கையாலும் உதட்டாலும்தான் பேசிக்கொள்வோம். காதில் வைத்துக்கொள்ள அடைப்பான் கொடுத்திருந்தார்கள். நான் அதைச் சட்டைப் பையில்தான் வைத்திருந்தேன். காதை அடைத்துக்கொண்டால் மெஷின் மாறி ஓடுவது எப்படித் தெரியும்? பேரிங் தேய ஆரம்பித்தால் போதும், எந்த மெஷின் என்று வாசலில் நுழையும்போதே சொல்லிவிடுவேன். மேஸ்திரிக்குப் பாம்புக் காது என்பார்கள். அதைக் கேட்க எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா?

சொந்த வீடு கட்டி முடித்ததும் கூடத்தில் ஒரு ஸ்டீரியோ வைக்க வேண்டும் என்று ஆசை வந்தது. சும்மா பாட்டுக் கேட்க இல்லை. உண்மையைச் சொல்லத்தானே உட்கார்ந்திருக்கிறேன்... வருகிறவர்கள் வாயைப் பிளக்க வேண்டும், அதற்காக. என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் கிருஷ்ணன்கோவில் என்ற ஊரில் வீடு கட்டி, புதுமனை புகுவிழாவன்று ஆளுயர ஸ்பீக்கர்களில் பாட்டுப் போட்டார். பந்தியில் இருந்தவர்கள்கூட இலையை மறந்துவிட்டார்கள். அன்றே முடிவு செய்துவிட்டேன்.

என் மைத்துனன் முத்துக்குமாருக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் பழுது பார்க்கும் கடை. விசேஷ வீடுகளுக்கு மைக்செட்டும் கட்டுவான். எவ்வளவு செலவழிக்கலாம் என்று அவனிடம் கேட்டேன். கூடத்தை நாலு பக்கமும் பார்த்தான். கையைத் தட்டி எதிரொலி கேட்டான்.

"அத்தான், இந்த ஹாலுக்கு அறுபதாயிரத்துக்கு மேல போகாதீய. அம்புட்டும் வீண். மிச்சத்தப் பாப்பா பேர்ல போடுங்க" என்றான்.

வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். எனக்கோ பொறி தட்டியது. விற்கிற தொழிலில் இருப்பவன் ஏன் குறைத்துச் சொல்கிறான்? அக்கா வீட்டில் பெரிய சாமான் வந்துவிடக் கூடாது என்ற எண்ணமா? அல்லது, இந்த மில் மேஸ்திரிக்கு அதற்கு மேல் வக்கு ஏது என்ற இளக்காரமா? நல்லதைச் சொன்னவனை இப்படியும் நினைக்க முடியுமா என்று கேட்காதீர்கள். முடியும்!

வீம்புக்கு இரண்டு லட்சம் என்றேன். பிறகு அவன் மதுரையில் ஒரு கடைக்கு அழைத்துப்போனான். அங்கே இருந்த விற்பனையாளர் ஒரு பாட்டைப் போட்டு, கம்பியில் விரல் உரசுவது கேட்கிறதா, பாடுகிறவர் மூச்சு வாங்குவது கேட்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

கேட்டதா? இப்போது யோசித்தால்... கேட்கவில்லை. ஆனால் கேட்டதாகவே அன்று நம்பினேன். இரண்டு லட்சம் கொடுக்கப் போகிறவனுக்கு அது கூடவா கேட்காது!

முத்துக்குமார் வியாபாரிக்குரிய விலையில் பேசி, தன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு வந்தான். நாங்கள் ஊரில் இல்லாததால் பெட்டிகள் ஒருநாள் அவன் கடையில் இருந்தன. மறுநாள் கொண்டுவந்து மாட்டினான். ஒரு பெட்டியில் டேப் கிழிந்து, மேலே வேறு டேப் ஒட்டியிருந்தது. சாமான் சரியாக இருக்கிறதா என்று திறந்து பார்த்ததாகச் சொன்னான். அதை மனத்தில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் அந்த மூச்சைத் தேடினேன். மூச்சும் இல்லை, விரல் உரசலும் இல்லை. எல்லாம் கம்பளிக்குள் பாடுவதுபோல் இருந்தது. சன்னமான ஓசைகளுக்கென்று ஸ்பீக்கரில் ட்வீட்டர் என்ற சின்னப் பகுதி ஒன்று உண்டு. அந்த ஓசையைக் கூட்டவும் குறைக்கவும் ஆம்ப்ளிஃபயரில் இருந்த திருகை முழுவதுமாகக் கூட்டி வைத்தேன். அப்போதும் இல்லை. என் மனைவி மாரீஸ்வரிதான் காதைப் பொத்தினாள்.

"ஏங்க, ஊசி கணக்கா குத்துது. தலைவலி வருது எனக்கு."

போலிச் சரக்கு என்றால் குத்தத்தானே செய்யும்! எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பெட்டி ஏன் அவன் கடையில் இருந்தது, டேப் ஏன் மாறியது, எல்லாம். அசல் ட்வீட்டரைக் கழற்றிக்கொண்டு மலிவுச் சாமானை மாட்டிவிட்டான். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். என் கண்ணுக்கு முத்துக்குமார் தலை முதல் கால் வரை மஞ்சளாக இருந்தான்.

ஆடிப்பூரத் தேரோட்டத்தன்று மாமனார் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது அதைப் போட்டு உடைத்தேன். ட்வீட்டரை எவ்வளவுக்கு விற்றாய் என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பிசைந்த சோற்றை இலையிலேயே விட்டுவிட்டான். இப்போதே வந்து கழற்றிக் காட்டுகிறேன் என்றான். கழற்றத் தெரிந்தவனுக்கு மாட்டத் தெரியாதா என்று கேட்டேன். அந்தப் பதில் சாமர்த்தியமானது என்று அன்று எனக்குத் தோன்றியது.

சில நாள் கழித்து அவன் வந்தான். கையில் கம்பெனி முத்திரை உடைக்காத புது ட்வீட்டர் ஜோடி. அதற்காகத் தன் மைக்செட் பாக்ஸ் இரண்டை விற்றான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கூட மாமனாரும் வந்திருந்தார். எல்லோர் முன்னாலும் முத்திரையை உடைத்தான். பழையதைக் கழற்றிப் புதியதின் பக்கத்தில் வைத்துக் காட்டினான். இரண்டும் ஒன்றுபோல் இருந்தன. அச்சு அசலாக டூப்ளிகேட் கிடைக்கிற காலம் என்றேன் நான்.

புதியதை மாட்டி முடித்தான். ஆம்ப்ளிஃபயர் முன்னால் குனிந்தவன், நான் உச்சத்தில் வைத்திருந்த அந்தத் திருகைப் பார்த்தான். பிறகு திரும்பி என்னைப் பார்த்தான். பிறகு, தொழில் பழக்கம்போல் அதை நடுவுக்குத் திருப்பிவிட்டுப் பாட்டைப் போட்டான்.

அந்தப் பார்வையைக் குற்றமுள்ள நெஞ்சின் குறுகுறுப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

பாட்டு ஓடியது. இப்போதுதான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. துளிகூட இல்லை! அதே கம்பளி. ஆனால் கூடத்தில் இருந்த எல்லோரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாம்புக் காது என்ன சொல்லப்போகிறது என்று காத்திருந்தார்கள். இல்லை, அப்படியேதான் இருக்கிறது என்று சொன்னால் என்ன ஆகும்? அவன் திருடவில்லை என்று ஆகும். நான் கோமாளி ஆவேன்.

"இப்பச் சரியா இருக்கு" என்றேன்.

மாரீஸ்வரியும் காது கொடுத்துக் கேட்டாள். "ஆமா, இப்பக் குத்தல" என்றாள். திருகைக் குறைத்தால் குத்தாது, அவ்வளவுதான் விஷயம். அது அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் தன் காதால் கேட்டு, தன் வாயால் தம்பிக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டாள்.

மாமனார் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். மாரீஸ்வரி தம்பியின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "ஏலே, காசு வேணும்னா எங்கிட்டக் கேட்டிருக்கலாம்ல?" என்று அழுதாள். அவன் திருப்புளியைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

சில மாதங்களுக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகளையும் அழைத்துக்கொண்டு செண்பகத்தோப்புக்குப் போனோம். வனத்துறைச் சாவடியைத் தாண்டி மரநிழலில் நடந்தோம். திடீரென்று மாரீஸ்வரி இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். மகளும் பொத்திக்கொண்டு குதித்தாள்.

"எம்புட்டு இரைச்சல்! உங்களுக்கு எரிச்சலா இல்ல?" என்றாள் மாரீஸ்வரி.

என்ன இரைச்சல்? ஓடையில் தண்ணீர் ஓடியது. காற்றில் இலை அசைந்தது. வேறொன்றும் இல்லை. தாயும் மகளும் பேசி வைத்துக்கொண்டு என்னைக் கேலி செய்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். என் புத்தி அப்படி! அப்போது எதிரே வந்த வனக்காவலர், வெயில் ஏறினால் இந்தச் சில்வண்டுகள் ஆளைப் பேசவிடாது என்று சிரித்தபடி சொல்லிக்கொண்டு போனார்.

மலையடிவாரம் முழுவதும் சில்வண்டு கத்திக்கொண்டிருக்கிறது. என் காதில் மட்டும் அமைதி.

பாலைச் சந்தேகப்பட்டேன், பெட்ரோலைச் சந்தேகப்பட்டேன், பெண்டாட்டியின் தம்பியைச் சந்தேகப்பட்டேன். என் காதைச் சந்தேகப்பட எனக்குத் தோன்றவே இல்லையே! கனத்த சத்தம் கேட்கிறது, பேரிங் கேட்கிறது, மனிதர் பேச்சும் கேட்கிறது. சன்னமானது மட்டும் எப்போதோ போய்விட்டது. மறுவாரம் யாருக்கும் சொல்லாமல் மதுரையில் ஒரு டாக்டரிடம் போனேன். சோதித்துப் பார்த்துவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: "மில்லா?"

முத்துக்குமாருக்கு இது அன்றே தெரிந்திருக்கிறது. அந்தத் திருகு எங்கே நின்றது என்று பார்த்தவனுக்குத் தெரியாமல் இருக்குமா? பிறகு ஏன் சொல்லவில்லை? எல்லோர் முன்னாலும் அத்தானைச் செவிடன் என்று சொல்ல வேண்டாம் என்றா? அல்லது தக்க நேரம் பார்த்துக் காத்திருக்கிறானா? பாருங்கள், இப்போதும் எனக்கு இரண்டாவதுதான் முதலில் தோன்றுகிறது...

டாக்டரிடம் போய்வந்த அன்றே வீட்டில் சொல்லியிருக்கலாம். மில்லில் தெரிந்தால் மேஸ்திரி வேலை என்ன ஆகுமோ என்று ஒருநாள் தள்ளினேன். மாமனார் முகத்தில் எப்படி விழிப்பது என்று இன்னொரு நாள். பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்குச் சோறு போதவே போதாது. அதற்குள் ஸ்ரீவில்லிபுத்தூரில் பேச்சு பரவிவிட்டது. அக்கா வீட்டிலேயே கை வைத்தவன் என்று, விசேஷ வீட்டுக்காரர்கள் அவனுக்கு முன்பணம் கொடுக்கத் தயங்கினார்கள்.

வீடு கட்டும் வேலையால் தள்ளிப்போன மகளின் காதுகுத்து வந்தது. பிளவக்கல் பக்கம் எங்கள் குலசாமி கோவில். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் காது குத்த வேண்டும். அது அவன் உரிமை, சீரைவிடப் பெரிய உரிமை. நாங்கள் அவனை அழைக்கவில்லை. ஆனாலும் வந்திருந்தான். தட்டில் பட்டுப்பாவாடையும் கம்மலும் வைத்துக்கொண்டு, புளியமரத்தடியில் தனியாக நின்றான்.

ஆசாரி ஊசியைத் துடைத்துவிட்டுத் தாய்மாமன் யார் என்று கேட்டார். கூட்டம் மரத்தடியைப் பார்த்தது. மாரீஸ்வரி என்னைப் பார்த்தாள்.

"என்ன சொல்லுதீய? நீங்க சரின்னா அவன உக்காரச் சொல்லுதேன்."

ஒரு வார்த்தை போதும். 'சரி' என்ற அந்த ஒரு வார்த்தை! அவள் கண்ணில் அதற்கான கெஞ்சல் இருந்தது. ஆனால் சரி என்றால் ஏன் என்று கேட்பார்களே, அன்று சொன்னது என்ன ஆயிற்று என்று கேட்பார்களே... நான் குனிந்து வேட்டியைச் சரிசெய்தேன்.

அவள் நிமிர்ந்தாள். என் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"களவாணி மடியில எம்புள்ள உக்கார வேண்டாம்."

அவளுடைய பெரியப்பா மகன் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மகள் மாமா மாமா என்று மரத்தடியைக் காட்டி அழுதாள். ஊசிக்குப் பயந்து அழுகிறாள் என்றார்கள். முத்துக்குமார் தட்டைக் கோவில் படியில் வைத்துவிட்டு நடந்துபோனான். திரும்பிப் பார்க்கவில்லை.

இது நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஸ்டீரியோ கூடத்தில்தான் இருக்கிறது. யாராவது வந்தால் போடுகிறேன். பாடுகிறவர் மூச்சு வாங்குவது கேட்கிறதா என்று அவர்களிடம் கேட்கிறேன். கேட்கிறது என்கிறார்கள். நானும் தலையை ஆட்டுகிறேன்.

போன வாரம் மாரீஸ்வரி துணி மடித்துக்கொண்டிருந்தாள். தம்பி கடையை மூடிவிட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டதாக யாரோ சொன்னார்களாம். மடித்த துணியையே மறுபடி மடித்தபடி கேட்டாள்.

"அவன் மாத்துனது நெசந்தானே? உங்களுக்கு நல்லாத் தெரியும்ல?"

"கேட்டதுமே தெரிஞ்சுபோச்சு" என்றேன்.

சரி என்று தலையசைத்துவிட்டுத் துணிகளை அலமாரியில் அடுக்கப் போனாள்.