சாய்ந்து போன வரைபடம்

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடத்துக்குத் தோட்டத்தின் வரைபடம் காணாமல் போனது. நேரம் நினைவிருக்கக் காரணம், அப்பா அப்போது அலுவலகச் சுவர்க் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தார். அதன்பிறகு அன்று முழுவதும் அவர் கண் திரும்பத் திரும்ப அங்கேயே போய்க்கொண்டிருந்தது.

காணாமல் போனது என்பது நான் அன்று புரிந்துகொண்ட விதம். உண்மையில் அது கணினித் திரையில்தான் இருந்தது. ஆனால் மலைகளும் பாதைகளும் ஓடைகளும் தெரிய வேண்டிய இடத்தில் சாய்வான சாம்பல் கோடுகள் மட்டும் ஓடின.

போன வாரம் கல்லூரியில் படிக்கும் என் மகள் கைப்பேசியில் அப்படியொரு திரையைப் படமெடுத்து அனுப்பினாள். சி மொழியில் நிரல் எழுதப் பழகுகிறாள்; சாம்பல் நிறப் படம் ஒன்றைத் திருப்பி வைப்பது பயிற்சியாம். தானா ராத்தா கடைத்தெருவில் கீரை வாங்கிக்கொண்டிருந்த நான் கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். உடனே அவளை அழைத்தேன்.

"அசல் படம் இருக்காம்மா? வேற எங்கயாச்சும் வச்சிருக்கியா?"

"ஹோம்வொர்க்தான் லா, அம்மா! நீங்க எதுக்கு அழுவுறீங்க?"

நான் அழவில்லை என்று சொன்னேன். எனக்கு இன்னும் படபடப்பு முழுதாக அடங்கவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. அப்பா தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி. கொழுந்து எடைக் கணக்கு, பேர் பதிவது, சம்பளம் எல்லாம் அவர் கையில். அலுவலகத்துக்குக் கணினி வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதை அப்பாவைத் தவிர யாரும் தொடக்கூடாது என்பது தோட்டத்தை நடத்தும் துரையின் உத்தரவு. நாங்கள் இருந்த கிராணி வீடும் தோட்டத்துடையது. வேலை இருக்கும்வரை வீடு. வேலை போனால் அன்றே சாவியைக் கொடுத்துவிட வேண்டும். எங்களுக்கு முன்னால் அங்கே இருந்தவர்கள் அப்படித்தான் போனார்கள் என்று பெரியவர்கள் பேசிக்கொள்வார்கள்.

தோட்டத்தின் பழைய வரைபடத்தைத் துரை வெளியூருக்கு அனுப்பிக் கணினிப் படமாக்கி வாங்கியிருந்தார். தாள் இன்னும் திரும்பி வரவில்லை. பிளாப்பி வட்டு ஒன்று மட்டும் வந்தது. படமோ பக்கவாட்டில் படுத்துக் கிடந்தது. திங்கட்கிழமை காலை வரப்போகும் பெரிய துரைகளுக்கு அதைத் திரையில் காட்ட வேண்டும். இன்றைக்குக் கைப்பேசியில் ஒரு விரல் தட்டினால் படம் எழுந்து நிற்கும். அன்று எங்கள் அலுவலகக் கணினிக்கு அந்த வித்தை தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. ஆனாலும், "நானே செஞ்சிருவேன் சார்" என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த 'நானே' என்பது ஈப்போ நகரில் கணினி படித்துக்கொண்டிருந்த என் அக்கா. அவள் விடுமுறைக்கு வந்திருந்தாள்.

அக்கா அப்போதுதான் சி கற்றுக்கொள்ளத் தொடங்கியிருந்தாள். படம் என்பது வரிசை வரிசையாக அடுக்கிய புள்ளிகள் என்று எனக்கு விளக்கினாள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண். சின்ன எண் கறுப்பு, பெரிய எண் வெள்ளை, நடுவில் உள்ளதெல்லாம் சாம்பல். எங்கள் தோட்டத்தின் கீழ் டிவிஷனில் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களை வைத்தே நிரலை யோசித்திருந்தாள். ஒரு வரிசை ஒரு லயம், ஒரு புள்ளி ஒரு வீடு. கீழ் டிவிஷனில் எத்தனை லயமோ, லயத்துக்கு அத்தனை வீடு. சோதித்துப் பார்க்க அவள் வரைந்த குட்டிப் படமும் அதே கணக்கில் சதுரமாக இருந்தது. அது திருப்பிய பக்கமெல்லாம் அழகாகத் திரும்பியது. அப்பா என்னைப் பார்த்துப் பெருமையாகக் கண்ணடித்தார்.

பிறகு வரைபடத்தைத் திருப்பினாள். வட்டில் இடம் குறைவு என்று, திருப்பிய படத்தை அதே பெயரிலேயே எழுதச் சொல்லியிருந்தாள். பழையது அழிந்து, அதன் இடத்தில் கோடுகள் வந்து உட்கார்ந்தன.

"பழசு எங்க?" என்றார் அப்பா.

அக்கா வட்டை வெளியே எடுத்து மறுபடி செருகினாள்.

"பழசு எங்கடி?"

"அதுக்கு மேலதான்ப்பா எழுதிட்டேன்."

அப்பா நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். "நல்லா இருக்கு. நாளைக்குக் காலையில என் வேலை போச்சு." பிறகு என்னிடம், "பாப்பா, வீட்டுக்குப் போயி அப்பா வர லேட்டாவும்னு சொல்லிட்டு வா" என்றார்.

நான் ஒரே ஓட்டமாக ஓடினேன். சேதி சொல்லப் போகிறவளுக்கு உள்ள முக்கியத்துவம் எனக்கு மிகவும் பிடிக்கும். தாமதமாகும் என்பதை மட்டும் சொன்னால் சப்பென்று இருக்கும் என்று, துரையின் மேப்பை அக்கா அழித்துவிட்டதையும், அப்பாவுக்கு வேலை போச்சு என்பதையும் சேர்த்தே சொன்னேன். அம்மா அடுப்பைத் தணித்தார். அப்பாவே சொன்னாரா என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். ஒரு பிளாஸ்கில் தேநீரை ஊற்றி என் கையில் கொடுத்து அனுப்பினார்.

திரும்பி வந்தபோது அக்கா, கெட்டுப்போன படத்துக்கு முதலில் ஒரு நகல் எடுத்து வைத்திருந்தாள். அந்தப் புத்தி சற்று முன்னால் வந்திருக்கலாம் என்று அப்பா சொல்லவில்லை. ஆனால் முகத்தில் அது எழுதியிருந்தது. அக்கா நிரலை ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். ஓரிடத்தில் கூட்டலைக் கழித்தலாக்கினாள். குட்டிப் படம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் புரண்டது. மறுபடி கூட்டலாக்கினாள். குட்டிப் படம் சரியாகத் திரும்பியது. அதுதான் அவளை அழ வைத்தது. நிரல் தவறே செய்யவில்லை என்று அது சாதித்தது.

வெளியே மூடுபனி இறங்கி, எதிரில் இருந்த எடைக் கொட்டகை மறைந்தது. அக்கா என்னை எதிரில் உட்கார வைத்து, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.

"மொத லயத்து வீடெல்லாம் வரிசையா நிக்குதா? தோட்டத்தையே வலப்பக்கமா திருப்பினா, அந்த லயம் வலது ஓரத்துல மேலேருந்து கீழ நிக்கும். சரியா?"

நான் தலையாட்டினேன். எதற்கும் தலையாட்டுவேன்.

அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "கீழ் டிவிஷனோட ஏன் நிறுத்திட்ட? மேல் டிவிஷனையும் திருப்பேன். அங்க ரெண்டே லயம், லயத்துக்கு இருவது வீடு, ரயிலு மாதிரி நீளம். திருப்பினா இருவது லயமாயிரும், லயத்துக்கு ரெண்டே வீடு. பழைய கணக்குலயே கதவுக்கெல்லாம் நம்பர ஒட்டிவிடு. தபால்காரன் ஏறி வந்து பைத்தியமா போவட்டும்!"

அக்கா திரும்பிப் பார்த்தாள். "அப்பா, இன்னொரு தடவ சொல்லுங்க."

"எதை? தபால்காரன் பைத்தியமாவுறதையா?"

"இல்லப்பா. பழைய கணக்குலயே நம்பர் ஒட்டுறது."

படக் கோப்பின் தொடக்கத்தில் இரண்டு எண்கள் இருக்குமாம்: வரிசைக்கு எத்தனை புள்ளி, மொத்தம் எத்தனை வரிசை. படத்தைத் திருப்பினால் அந்த இரண்டும் இடம் மாற வேண்டும். அக்கா பழையபடியே எழுதியிருந்தாள். சதுரப் படத்தில் இரண்டும் ஒரே எண் என்பதால் தப்பு வெளியே தெரியவில்லை. வரைபடமோ நல்ல அகலம். புள்ளி ஒன்றுகூடத் தொலையவில்லை. வரிசையை எங்கே முடிக்க வேண்டும் என்று கணினிக்குத் தவறாகச் சொல்லப்பட்டிருந்தது, அவ்வளவுதான்.

இரண்டு எண்களையும் இடம் மாற்றி எழுதினாள். படம் மேலிருந்து ஒவ்வொரு வரியாக இறங்கியது. முதலில் மலை முகடு, பிறகு ஓடை, பாதை, லயங்கள். எல்லாம் நிமிர்ந்து நின்றன.

"துரை பங்களா இருக்கா?" என்றார் அப்பா.

"இருக்குப்பா."

"அது இருந்தா போதும். மத்ததெல்லாம் நாம பேனாவால வரைஞ்சுக்கலாம்."

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். அப்பா மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பெரியவர்கள் சிரித்தால் நானும் சிரிக்க வேண்டும் என்பதால் நானும் சிரித்தேன்.

அப்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு அம்மா வந்தார். அலுவலகத்துக்குள் அவர் கால் வைத்து நான் பார்த்ததில்லை. தலையெல்லாம் தூசி. எங்கள் சிரிப்பு அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. நேராக அப்பாவிடம் போய், மெதுவாகச் சொன்னார்:

"சாமானெல்லாம் கட்டிட்டேங்க. சாமி படம் மட்டும் இன்னும் சுவத்துலதான் இருக்கு. லாரிக்கு யார்கிட்ட சொல்லணும்?"

லாரி என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. முன் சீட்டு எனக்குத்தான் என்று கத்திக்கொண்டு அலுவலகத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினேன். எங்கே போகிறோம் என்று கேட்டேன். படம்தான் சரியாகிவிட்டதே, அப்புறம் ஏன் அப்பா சுவர் பக்கம் திரும்பி நின்றுகொண்டு முகத்தைத் துடைக்கிறார் என்பது எனக்கு விளங்கவே இல்லை.