பூட்டிய கேற்றும் ஒரு மஷூறாவும்

சிபானா டீச்சரின் வீட்டில் வெள்ளிக்கிழமைக் கறிக்கும் மஷூறா என்ற கலந்தாலோசனை உண்டு. அவருடைய கணவர் மீராமுகைதீன் கல்முனைச் சந்தையில் பிடவைக் கடை வைத்திருப்பவர். பள்ளிவாசல் ஜமாஅத்தோடு ஊர் ஊராகப் போய் வருபவர். எந்தக் காரியமானாலும் வீட்டாரைப் பாயில் வட்டமாக இருத்தி, வலப்பக்கத்திலிருந்து ஒவ்வொருவராக அபிப்பிராயம் கேட்பார். கேட்டு முடித்து அவர் ஒன்றைச் சொன்னால் அதுதான் முடிவு. பிறகு ஒருவரும் முணுமுணுக்கக் கூடாது.

"இறைச்சியா கணவாயா எண்டு கேக்கிறதுக்கும் ஒரு அமீர் வேணுமா?" என்று டீச்சர் சிரிப்பார். ஆனாலும் கடைக்குட்டியின் வாயிலிருந்துகூட ஒரு சொல் வராமல் அந்த வீட்டில் அடுப்பு எரியாது என்பதில் அவருக்கு உள்ளூரப் பெருமைதான்.

டீச்சர், ஒலுவில் துறைமுகத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போய்வந்த ஒருவரின் மகள். அதிர்ந்து பேசத் தெரியாது. பிரம்பைத் தூக்கினால் அவருடைய கைதான் முதலில் நடுங்கும். ஆனால் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார். "சிபானா டீச்சர்ர புடி நண்டுப் புடி" என்று கூடப் படிப்பிப்பவர்கள் பகிடி பண்ணுவார்கள்.

அந்தக் கடற்கரைப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த அதிபர், காலை மணி அடித்ததும் வாசல் கேற்றைப் பூட்டச் சொன்னார். பிந்தி வரும் பிள்ளை திரும்பி வீட்டுக்குப் போக வேண்டும். அவர் கெட்ட மனிதரல்ல. பள்ளிக்கூடம் ஒழுங்காக வேண்டுமென்று உண்மையாகவே விரும்பியவர். ஆனால் திரும்பிப் போன பிள்ளைகளில் சிலர் மறுநாளும் வரவில்லை.

டீச்சரின் ஒன்பதாம் வகுப்பில் றுகையாவின் கதிரை அடிக்கடி வெறுமையாகக் கிடந்தது. றுகையாவின் உம்மா குவைத்தில். வாப்பா விடியச் சுபஹு தொழுத கையோடு சவளக்கடை வயலுக்குப் போய்விடுவார். இரண்டு தம்பிமாரைக் குளிப்பாட்டி, சோறு தீத்தி, சின்னவனை நேர்சரியில் விட்டுவிட்டு, பெரியவனையும் இழுத்துக்கொண்டு அவள் ஓடி வரும்போது கேற் பூட்டியிருக்கும். அவளுடைய மூத்த ராத்தாவும் இதே வயதில்தான் படிப்பை விட்டவள்; இப்போது கல்யாணமாகிப் போய்விட்டாள்.

டீச்சர் அதிபரிடம் போனார்.

"கேற்றைத் திறந்து விட்டா பள்ளிக்கூடம் சந்தையாப் போயிரும் டீச்சர்."

"அப்ப புள்ளைகளிட்டயே கேப்பம் சேர். மாணவர் தலைவர்மார், வகுப்புக்கு ஒராள், பிந்தி வாற ஆக்கள், எல்லாரும் இருந்து மஷூறா செய்யட்டும்."

அதிபர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "சரி. என்ன முடிவு வந்தாலும் இந்தத் தவணைக்கு அதுதான் சட்டம். பொறகு நீங்களும் மாறப்படா, நானும் மாறமாட்டன்."

மண்டபத்தில் பாய் விரித்தார்கள். தலைமை மாணவன் பஸால்தான் மஷூறாவை நடத்தி முடிவு சொல்லும் அமீர். முதலில் வந்த மாணவர் தலைவர்கள் அவனுடைய வலப்பக்கத்தில் வரிசையாகக் குந்தினார்கள். பிந்தி வருபவர்கள் அன்றைக்கும் பிந்தித்தான் வந்தார்கள். வட்டத்தின் கடைசியில் ஒடுங்கிக்கொண்டார்கள். வலமிருந்து கேள்வி தொடங்கியது. "கேற் பூட்டத்தான் வேணும்" என்றான் முதலாமவன். "அதோட, பிந்தினா அந்தக் கிழமை விளையாட்டும் இல்ல எண்டு சொல்லுங்க" என்றான் அடுத்தவன். அதற்குப் பிறகு வட்டம் முழுக்க ஒரே குரல்: "அதுதான் சரி." கடைசியாக றுகையாவும் தலையைக் குனிந்தபடி, "ஓம், அதுதான் சரி" என்றாள்.

அதிபருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "பாத்தீங்களா டீச்சர்? புள்ளைகள் என்னை விடக் கண்டிப்பு!"

டீச்சருக்கோ, கதவைத் திறக்கப் போய், இரண்டாவது பூட்டையும் தானே போட்டுக் கொடுத்த மாதிரி இருந்தது.

அடுத்த கிழமை றுகையா ஒரு நாளும் வரவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் டீச்சர் அவளுடைய வீட்டுக்கே போனார். அவள் கிணற்றடியில் தம்பியின் தலைக்குத் தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்டைக்கு நீயும் சரியெண்டுதானே சொன்னாய் மகள்?"

"எல்லாரும் சொல்லி முடிஞ்ச பொறகு நான் என்ன டீச்சர் சொல்ற? அதுக்கு மேல கதைச்சா அதபில்லாதவள், மரியாதை தெரியாதவள் எண்டுவாங்க." தம்பியின் தலையைத் துவட்டிக்கொண்டே அவள் சொன்னாள்: "வாப்பா பள்ளிக்கூடத்தில என்ட பேரை வெட்டப் போறாராம். இந்த மாசம் முடியட்டும் எண்டிருக்கார். வீட்டில இருந்து இவனுகளப் பாக்கட்டாம்."

"உனக்குப் படிக்க விருப்பமில்லையா?"

அவள் துவாயைப் பிழிந்தாள், பிழிந்ததையே திரும்பவும் பிழிந்தாள்.

இரவுச் சோற்றின்போது டீச்சர் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"மஷூறாவில முடிஞ்சத மீறேலா" என்றார் மீராமுகைதீன்.

"நம்மட வீட்டில ஆரிட்ட முதல் கேக்கிற நீங்க?"

"சின்னவளிட்ட. அவள்தானே எனக்கு வலப்பக்கத்தில ஒட்டிக்கொண்டு இருக்கிற."

"கடைசியில இருந்தா அவள் என்ன சொல்லுவாள்?"

அவர் சோற்றுக் கையோடு கொஞ்சம் யோசித்தார். "உம்மா சொன்னதுதான் எண்டு சொல்லிட்டு ஓடிருவாள்."

அது போதுமாக இருந்தது. காலையில் டீச்சர் அதிபரின் மேசைக்கு முன்னால் நின்றார்.

"முடிவை மாத்தச் சொல்லி வரல்ல சேர். மஷூறா பிழையா நடந்திட்டு. திரும்ப நடத்த வேணும்."

"தோத்த ஆக்கள் எல்லாரும் இதத்தான் சொல்ற."

"சொல்லுவாங்கதான். நான் பிழைவிட்ட இடம் இருத்தின முறையில. பெரிய புள்ளைகள முதல்ல கேட்டா சின்னப் புள்ளைகள் வாய் திறக்குமா?"

அதிபர் கடிதங்களைப் புரட்டினார். டீச்சர் நகரவில்லை. இடைவேளை மணி அடித்தது, அப்போதும் நகரவில்லை.

"தொழுகையில பிழை விட்டா, திரும்பத் தொழுறல்லியா சேர்?"

அதிபர் பேனையை மூடி வைத்தார். "உங்கள நண்டெண்டு சொல்ற சும்மா இல்ல" என்றார். "ஒரேயொரு தரம்தான்."

இந்த முறை டீச்சரே முதலில் போய்ப் பாய் விரித்தார். றுகையாவை ஆளனுப்பிக் கூப்பிட்டிருந்தார். பிந்தி வருபவர்களைப் பஸாலின் வலப்பக்கத்தில் இருத்தினார்.

"டீச்சர், அது எங்கட இடம்!" என்றான் ஒரு மாணவர் தலைவன்.

"இண்டைக்கு நீங்க மற்றப் பக்கம் மகன்."

பஸால் குழம்பிப்போனான். "அப்ப இடப்பக்கமிருந்தா டீச்சர் கேக்கிற? நபி வழிச் சுன்னத்து வலமிருந்துதானே?"

"வலமிருந்தே கேளுங்க. வலத்தில இருக்கிற ஆக்களைத்தான் நான் மாத்தின."

மண்டபம் சிரித்தது. பஸாலும் சிரித்துவிட்டு, முதலாவதாக இருந்த றுகையாவைப் பார்த்தான். சிரிப்பு நின்றது. டீச்சர் மனதுக்குள் துஆ ஓதினார். உதவிக்கு ஒரு சொல்லும் எடுத்துக் கொடுக்கவில்லை.

"நான் நித்திரையால பிந்துறல்ல" என்றாள் றுகையா. "சின்னவனை நேர்சரி திறக்கிற வரைக்கும் வெளியில தனிய விட்டுட்டு வரேலா. எனக்குக் கேற்றுக்கு வெளிய நிக்க வெக்கமா இரிக்கி. அதால வாறல்ல."

அடுத்தவன் கரைவலை இழுத்துவிட்டு வருபவன். "வலை கரைக்கு வராம நான் மட்டும் எப்புடிக் கயித்தை விட்டுட்டு ஓடுற? மீன் பங்கை உன்ட வாப்பாவா தருவார்?" என்று பஸாலையே கேட்டான். இன்னொருத்தி, நடக்கமாட்டாத பாட்டனாருக்குச் சாயத் தேத்தண்ணி வைத்துக் கொடுத்துவிட்டு வருபவள். கேள்வி மாணவர் தலைவர்களிடம் வந்து சேர்ந்தபோது அவர்களில் ஒருவனுக்கும் "அதுதான் சரி" என்று சொல்ல வாய் வரவில்லை.

நஜ்லா என்ற மாணவர் தலைவிதான் முதலில் பேசினாள். "றுகையாட வீட்டைத் தாண்டித்தான் நான் வாற. அவள் பெரியவனோட வரட்டும். சின்னவனை நான் நேர்சரியில விட்டுட்டு வாறன். ஒவ்வொரு தெருவுக்கும் ஒழுங்கைக்கும் அப்புடிப் பாத்தா என்ன?"

பஸால் முடிவு சொன்னான். பெரிய கேற் மணியோடு பூட்டப்படும். சின்னக் கேற் முதலாம் பாடம் முடியும்வரை திறந்திருக்கும். ஒரு மாணவர் தலைவன் அங்கே நிற்பான். விளையாட்டுத் தடை இல்லை. ஒழுங்கைக்கு ஒழுங்கை பெரிய பிள்ளைகள் சேர்ந்து, சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும்.

திங்கட்கிழமை மணி அடித்தது. றுகையா தம்பியோடு முன்னமே வந்து வகுப்பில் இருந்தாள். நஜ்லாவைத்தான் காணவில்லை. அதிபர் கடிகாரத்தைப் பார்த்தபடி சின்னக் கேற்றடியில் நின்றார். கடைசியில் அவள் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"மாணவர் தலைவியே பிந்தினா எப்புடி?"

"சின்னவன் சப்பாத்துப் போடமாட்டன் எண்டு நிலத்தில உருண்டுட்டான் சேர். றுகையா இத ஒவ்வொரு நாளும் எப்புடித்தான் சமாளிச்சாவோ!"

அதிபர் வழிவிட்டார்.

அதன் பிறகும் றுகையா சில நாட்களில் பிந்தினாள். சின்னக் கேற்றால் வந்தாள். மாதம் முடிந்தது. பேர் வெட்டப் பள்ளிக்கூடக் கந்தோருக்கு ஒருவரும் வரவில்லை. டீச்சர் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிட்டு, அடுத்த மஷூறாவுக்கு நாள் குறித்தார். மாணவிகளின் கழிவறைக் கதவுக்குக் கொளுக்கி இல்லை என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் முறைப்பாடு கொண்டுவந்திருந்தார்கள்.