கடைசி நாற்பது விநாடி

என் வீட்டுக்காரர் இனாயத்துல்லா பர்மாவில் தாகேதா பேட்டையில் கேசட் பதிவு செய்து கொடுக்கும் கடை வைத்திருந்தார். எந்தக் கேசட்டைப் பதிந்தாலும் கடைசியில் தன் பெயரையும் கடைப் பெயரையும் தன் குரலிலேயே சொல்லிவிடுவார். அந்தப் பெருமைதான் எங்களுக்கு வினையாக வந்தது.

எண்பத்தெட்டில் அரசாங்கத்தை எதிர்த்து ஊரே தெருவில் இறங்கியபோது, ஓர் அமெரிக்க ரிதம் அண்ட் புளூஸ் காதல் பாட்டின் மெட்டில், சுடப்பட்டுச் செத்த பிள்ளைகளைப் பற்றிப் பர்மிய வரிகள் போட்டுப் பாடினார். பதிவும் செய்தார். முடிவில் வழக்கம்போலப் பெயர்! ராணுவம் வந்ததும் பிரதிகளை எரித்தோம். ஒன்றை மட்டும் விட மனமில்லாமல் அரிசி டின்னுக்குள் ஒளித்தார். பத்து வருடம் அந்த டின்னை வேறு யாரையும் தொட விட்டதில்லை நான்.

தொண்ணூற்றெட்டில் ஒரு பர்மியப் பாடகர் அதே மெட்டை, தணிக்கைக்காரர்கள் ஒப்புக்கொண்ட காதல் வரிகளோடு பாடி வெளியிட்டார். டீக்கடைதோறும் அதுதான். நான் நச்சரித்த நச்சரிப்பில், இவர் அந்தப் புதுப் பாட்டைப் பழைய கேசட்டின் மேலேயே பதிந்தார். அப்பாடா என்றிருந்தது.

எங்கள் வார்டு தலைவர், ராணுவ அரசாங்கத்தின் ஆள், ஊ ஏ மௌங். யார் யார் குடியிருக்கிறோம் என்ற வீட்டுப் பட்டியலைச் சரிபார்க்க வரும்போது வாசலிலேயே இரண்டு தரம் இருமுவார். அந்த இருமலுக்கே தெரு வாயை மூடிக்கொள்ளும், நான் பட்டியலை எடுக்க ஓடுவேன். அவர் மனைவி டோ டின் டின் வந்து புதுப் பாட்டைக் கேட்டபோது, புத்திகெட்ட நான் கையில் கிடைத்த அந்தக் கேசட்டைக் கொடுத்துவிட்டேன்.

சாயங்காலம் இவர் தேடினார். "ஏ ஜைனப்பு, அந்த கேசட்டு எங்க?"

"டோ டின் டின் வாங்கிட்டுப் போச்சு. ஏங்க?"

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "புதுப் பாட்டு நாப்பது செகண்டு குறைச்சல் புள்ள. இன்னிக்குத்தான் பாத்தேன். கடைசியில அந்தப் பழைய வரியும் என் பேரும் அப்படியே கெடக்கு."

மூன்று நாள் அடுப்பில் மனம் போகவில்லை. ஜீப் சத்தம் கேட்டால் ஜன்னலுக்கு ஓடினேன். ஜெயிலுக்கென்று இரண்டு லுங்கியும் ஒரு போர்வையும் மூட்டை கட்டி வைத்தேன். நாலாம் நாள் டோ டின் டின் சிரித்துக்கொண்டே கேசட்டைத் திருப்பித் தந்தார். "பாட்டு நல்லா இருந்துச்சு, மா ஜைனப்."

கதவைச் சாத்திவிட்டுப் போட்டோம். பாட்டு முடிந்தது. பழைய வரியும் இல்லை, பெயரும் வரவில்லை! மின்விசிறிச் சத்தம் மட்டும் ஓடியது. யாரோ பதிவுப் பொத்தானை அமுக்கி, வாய் திறக்காமல் உட்கார்ந்து அழித்திருக்கிறார்கள். முடிகிற சமயத்தில் இரண்டு இருமல் கேட்டது.

அதன் பிறகு பதினோரு வருடம் ஊ ஏ மௌங் வந்துபோனார். பட்டியலில் இவர் பெயரில் விரல் கொஞ்சம் நிற்கும். பிறகு கையெழுத்துப் போடுவார். இன்றைக்குக் கேட்பார், நாளைக்குக் கேட்பார் என்று பயந்தே செத்தேன். அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இவரும் கேசட்டில் பெயர் சொல்வதை விட்டுவிட்டார்.

இரண்டாயிரத்து ஒன்பதில் ஊ ஏ மௌங் இறந்தார். துக்க வீட்டிலிருந்து வந்த இவர் அந்தக் கேசட்டைப் போட்டார். பாட்டு முடிந்து, மின்விசிறிச் சத்தம் ஓடி, இருமல் வந்தது. நான் எழுந்து வீட்டுப் பட்டியலை எடுக்க ஓடினேன்.