பாய்லர் பதிவேட்டில் தங்கையின் பெயர்

என் தங்கை போராடி வாங்கியவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். இரண்டாவது முயற்சியில் பாய்லர் ஆபரேட்டர் சான்றிதழ், எழுபத்தெட்டு மதிப்பெண்ணோடு. பெண்கள் உடை மாற்றும் அறையில் ஓர் அலமாரி. அதற்கு நான்கு மனுவும் இரண்டு வருடமும் ஆயின. ஒன்பது வருடத்தில் ஒரு நாளும் நீராவியை நிற்க விடாதவள் என்ற நல்ல பெயர். பிறகு, ஃபிட்டர் வாயிலிருந்து 'தங்கச்சி'.

மருத்துவமனைத் துணிகளைச் சலவை செய்து தரும் ஆலை அது. எனக்கு ஸ்டோரில் வேலை, அவளுக்குப் பாய்லர் அறையில். பிறந்தபோது அவளை ஆண்பிள்ளை என்று எழுதி வைத்தார்கள். இருபத்து மூன்று வயதில் என்னிடம் வந்து, "இனிமே என்னைத் தங்கச்சின்னு கூப்பிடுக்கா" என்றாள். என் நாக்கு பழக எட்டு மாதம் பிடித்தது. நான் தவறும்போது அவள் கோபப்பட மாட்டாள், காது கேட்காதவள்போல இருப்பாள்.

பாய்லர் அறையில் அவளோடு வேலை பார்த்த ஃபிட்டருக்கு ஐந்து வருடம் பிடித்தது. அவர் "தம்பி" என்று எத்தனை முறை கூப்பிட்டாலும் அவள் திரும்ப மாட்டாள். ஒருநாள் நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய் அவர் முகத்துக்கு நேராக வெடித்தது. "தங்கச்சி, வால்வை மூடு" என்று கத்தினார். மூடினாள். பதற்றம் ஆறிய பிறகு, "மரியாதைக்கெல்லாம் கூப்பிடல, நீ திரும்பணுமேன்னுதான் கூப்பிட்டேன்" என்று சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு மாற்றிக் கூப்பிட்டதே இல்லை.

காகிதங்கள்தான் அசையவில்லை. சான்றிதழ் பழைய பெயரில் இருந்தது. அதை மாற்ற அலுவலகம் பள்ளிப் பதிவைக் கேட்டது. பள்ளி அப்பாவின் கையெழுத்தைக் கேட்டது. "எனக்கு ரெண்டு பிள்ளை. அதுல ஒண்ணு செத்துப்போச்சு" என்று சொல்லி அப்பா போட மறுத்தார். கடைசியில் அவரே போய்ச் சேர்ந்தார். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றது பள்ளி.

பாய்லர் பதிவேட்டில் மணிக்கொரு முறை அழுத்தமும் நீர்மட்டமும் குறித்து, ஷிப்ட் முடிவில் ஆபரேட்டர் கையெழுத்துப் போட வேண்டும். பழைய பெயர் அவள் கையால் வராது; தன் பெயரைப் போட்டால் வேலை போய்விடும். ஒன்பது வருடமும் ஒரு சாய்ந்த கோட்டை இழுத்துச் சமாளித்தாள்; மனுக்களிலும் அதே கோடுதான். யாரும் கேட்கவில்லை.

போன வருடம், அதுவரையிலான ஓராண்டுப் பதிவேடு நனைந்து தாள்கள் ஒட்டிக்கொண்டன. பாய்லர் ஆய்வுக்கு முன்னால் அதைப் புதிதாகப் படியெடுக்கும் வேலை எனக்கு வந்தது. என் கையெழுத்து அச்சுப்போல இருக்கும் என்று ஆலையில் எல்லாருக்கும் தெரியும். சிவப்பு மையில் கோடு போட்டு ஒரு எண் பிசகாமல் எழுதினேன். சாய்ந்த கோடு இருந்த இடங்கள் என் கண்ணுக்கு அரைகுறையாகப் பட்டன. அங்கெல்லாம் தங்கையின் பெயரை முழுசாக எழுதினேன். பார்க்க அவ்வளவு நிறைவாக இருந்தது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

ஆய்வாளர் இரண்டு பக்கம்தான் புரட்டினார். "இந்தப் பேர்ல சான்றிதழே இல்லையே. ஒரு வருஷமா பாய்லரை ஓட்டினது யாரு?"

மேலாளர் ஒரு வழி சொன்னார். பதிவேட்டில் இருப்பது ஸ்டோர்க்காரியின் பிழை, அப்படி ஒரு பெண் இங்கே இல்லை என்று எழுதி, பழைய பெயரில் அவள் கையெழுத்துப் போட்டால் வேலையில் தொடரலாம். "ஒரு கையெழுத்துதானேப்பா" என்றார்.

போட்டுவிடும்படி நானே அவளைக் கெஞ்சினேன். பிழை என்னுடையது, அது என்னோடு போகட்டும் என்றேன்.

"நீ எழுதினது நிஜம்தானேக்கா. அதைப் பொய்னு எழுதிக் குடுக்க என்னால முடியாது" என்றாள்.

ஒரு வெள்ளைத்தாள் கேட்டாள். வேலையிலிருந்து விலகுவதாக நான்கு வரி எழுதி, கீழே தன் பெயரைப் போட்டாள். மேலாளர் அதைப் படித்துப் பார்த்தார். சான்றிதழில் உள்ள பெயரா என்று கேட்கவில்லை. முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்.

பதினொரு மாதமாக அவளுக்கு வேலை இல்லை. நான்கு ஆலைகளில் சான்றிதழை வாங்கிப் பார்த்தார்கள், பிறகு அவள் முகத்தைப் பார்த்தார்கள், திருப்பிக் கொடுத்தார்கள். இப்போது கேட்டுப் போவதையே நிறுத்திவிட்டாள். ஃபிட்டர் இரண்டு முறை வீட்டுக்கு வந்தார்; அவள் எழுந்து வந்து பேசவில்லை. நான் தங்கச்சி என்று கூப்பிட்டால்கூடச் சில நாள் திரும்புவதில்லை.

விலகல் கடிதத்தின் நகலை நான் வைத்திருக்கிறேன். அவள் முதன்முதலாகத் தன் பெயரில் கையெழுத்துப் போட்டது 2025 மார்ச் 17, திங்கட்கிழமை.