ஏ பக்கம் முழுக்க ஜெபம்

அக்காவுக்குக் கண் பார்வை போய் நாலைந்து வருஷம் ஆகிறது. வள்ளியூரில் அத்தானோடு இருக்கிறாள். கைபேசியைத் தடவினால் எது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் கேசட் பிளேயரின் பொத்தான்கள் விரலுக்கு அத்துப்படி. அத்தான் சர்ச் பாடகர் குழுவில் பாடிய நாளில் நான் பதிந்து கொடுத்த கேசட்டைத்தான் பகல் முழுக்கக் கேட்பாள். போன மாதம் பிளேயர் அதைச் சுருட்டி மென்றுவிட்டது. அன்றிலிருந்து அக்கா சரியாகச் சாப்பிடவுமில்லை, யாரோடும் பேசவுமில்லை.

"மறுபடி பாடுதேன், நீ பதிஞ்சு குடு மாப்ள. அவ இப்படி இருந்தா எனக்கு வீட்டுக்குள்ளயே இருக்க முடியல," என்றார் அத்தான்.

என்னிடம் பிரிக்காத கேசட் ஒன்றே ஒன்று இருந்தது. ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம். ஜங்ஷன் கடைகளில் இன்னொன்று கேட்டபோது, நான் ஏதோ யானைக்குட்டி கேட்டதுபோல் பார்த்தார்கள்.

பதிவு என்று வந்துவிட்டால் நான் பொல்லாதவன். என் பாளையங்கோட்டை வீட்டில் ஃபேனை நிறுத்தினேன். ஃப்ரிட்ஜை நிறுத்தினேன். கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினேன். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால், பதிவு செய்யும் டெக்கின் ஹெட்டைத் துடைத்தேன். பக்கத்து வீட்டுச் சேவலைக் கேட்டு வாங்கி, கறுப்புத் துணி சுற்றி மனைவியின் மடியில் கொடுத்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையைப் பற்றிப் பேச வேண்டாம். சத்தத்தின் அளவு காட்டும் முள் சிவப்பைத் தொடாதபடி அத்தானை அடுக்களை வாசல்வரை தள்ளி நிறுத்திவிட்டு, பொத்தானை அழுத்திக் கை காட்டினேன்.

அத்தான் கண்ணை மூடினார். "ஜெபிப்போமாக," என்றார்.

நாங்களும் கண்ணை மூடிவிட்டோம். ஜெபத்தில் கண்ணைத் திறந்தால் குட்டு வாங்கி வளர்ந்த உடம்பு இது. நிறுத்தும் பொத்தான் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. ஆனால் ஆமென் சொல்லாமல் கை எழும்பவில்லை. அத்தான், வள்ளியூரிலிருந்து தன்னைக் கொண்டுவந்த பஸ் டிரைவரை ஆசீர்வதிக்கச் சொன்னார். பாபநாசம் அணை நிறையக் கேட்டார். கங்கைகொண்டானில் வேலை பார்க்கும் தம்பி மகனுக்கு நிரந்தர வேலை கேட்டார். மைக், டெக், கேசட்டின் ஒவ்வொரு அங்குலம், சேவலின் வாய் எல்லாவற்றையும் கர்த்தர் கையில் ஒப்படைத்தார். கேசட் ஓடிக்கொண்டே இருந்தது. கண்ணைத்தான் திறக்கவில்லை.

"கடைசியா, ஆண்டவரே, என் மனைவிக்கு..." என்றார்.

டக். ஏ பக்கம் தீர்ந்துவிட்டது.

நான் துள்ளி எழுந்தேன். அத்தானும் பதறி ஆமென் சொல்லிவிட்டார். "ஒண்ணுமில்ல அத்தான், மேலயே பாட்டைப் பதிஞ்சா ஜெபம் தானா அழிஞ்சிரும்," என்றேன்.

"ஜெபத்தை அழிக்கச் சொல்லுதியா?" அவர் முகம் பேயறைந்ததுபோல் ஆகிவிட்டது. என் மனைவியும் சேவலோடு சேர்ந்து என்னை முறைத்தாள்.

வேறு வழியில்லாமல் பி பக்கத்தில் பாடினார். அப்படி ஒரு பதிவு என் வாழ்நாளில் அமைந்ததில்லை. மூச்சு வாங்குவதுகூடத் துல்லியமாக விழுந்திருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு வாரம் கழித்து, அத்தானை எண்ணை அழுத்தச் சொல்லி அக்காவே போனில் பேசினாள். குரலில் சிரிப்பு இருந்தது. பாட்டு எப்படி என்று ஆவலாகக் கேட்டேன்.

"அத ஒரே ஒரு மட்டம் கேட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு. நான் டெய்லி ஜெபத்தைத்தாம்லே போடுதேன்."

எனக்குச் சுருக்கென்றது. "அது பாதியில நின்னுருமே."

"நிக்கட்டும். ஊரு, அணை, சேவல் எல்லாத்துக்கும் கேட்டுட்டு, எம்பேரு வரும்போது நின்னா நான் விடுவேனா? நின்னதும் இவுக பக்கத்துல வந்து உக்காந்து, மிச்சத்தை வாயால சொல்லணும். தெனமும் சொல்லுதாக."

"மிச்சம் என்னன்னு சொல்லுதாக?"

"அது ஒனக்கு எதுக்குலே?" என்று போனை வைத்துவிட்டாள்.